தவளையின் முதுகில் ஒரு மூடி

என் அண்ணி கார் ஓட்டினால் காற்று இரண்டாவதாகத்தான் வந்து சேரும். புருவத்தை உயர்த்த வேண்டாம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். மேட்டுத் தெருவில் அவளை ஒருமுறை பால்காரரின் சைக்கிள் முந்திக்கொண்டு போனதைப் பக்கத்து இருக்கையிலிருந்து நானே பார்த்தேன். பால்காரர் திரும்பிப் பார்த்துக் கை வேறு காட்டினார். ஆனால் அந்த மேட்டின் மறுபக்க இறக்கத்தில் காற்று இரண்டாவதுதான். அதில் நான் இம்மியும் கூட்டவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். பாதி அண்ணியுடையது, பாதி என்னுடையது. அண்ணி வாயைத் திறந்து கோபப்படுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் அவளுடைய கீழ்த்தாடை கொஞ்சம் முன்னே வரும், அவ்வளவுதான். பழகாதவர்களுக்கு அது யோசனை செய்வது போலத் தெரியும். பழகியவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். எனவே அவள் பங்கையும் சேர்த்து நான்தான் எழுதித் தொலைக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை தாடை அசையவில்லை.

அண்ணி என் அண்ணனின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்பதால் வாங்க, போங்க எல்லாம் கல்யாணமான முதல் வாரத்தோடு ஒழிந்தது. தொழில், பல் கட்டுவது. மருத்துவர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அண்ணி அதில் கல்லாக இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து வார்த்து, மெழுகில் ஈறு செய்து, பல்லைப் பதித்து, கடைசியில் இளஞ்சிவப்புப் பொடியைத் திரவத்தில் குழைத்து ஊற்றி, வேகவைத்து, அரைத்து, மெருகேற்றி அனுப்புவாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கையால் ஆனது. சரி, கால்வாசிப் பேருடையது. அவள் வேலை செய்யும் அறையில் சுவர் அலமாரி முழுக்க வெள்ளை வெளேரென்று மாவு வாய்கள் வரிசையாக இருக்கும். யாராவது வந்து வம்பளந்தால் அலமாரியைக் காட்டி, "இத்தனை வாய் இருக்கு, ஒண்ணாவது பேசுதா பாரு" என்பாள்.

கார் அவளிடம் வந்தது கல்யாணத்துக்கு முன்பு. இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். பாலம் கட்ட ஐரோப்பாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் வேலை முடிந்து கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. அந்த ஊர்க்காரர்கள் வார இறுதியில் விளையாட்டாக ஓட்டுவதற்குச் செய்த வண்டி. இருக்கை இரண்டே இரண்டு. கூரை, மடித்து வைக்கும் ஒரு துணி. விளக்குகள் இரண்டும் மூக்குக்கு மேலே முட்டைக் கண்ணாக நிற்கும், அதற்குக் கீழே காதுவரை கிழிந்த சிரிப்பாக ஒரு வாய். தெருவில் வந்து நின்ற அன்றே அதற்குத் தவளை என்று பெயர் விழுந்துவிட்டது.

தவளைக்கு உடம்பெல்லாம் வினோதம். எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதும், முட்டைக் கண்ணும் மூக்குமாக, அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். கதவில் வெளிப்பக்கம் பிடியே கிடையாது. ஜன்னல் தடுப்பை நகர்த்தி, கையை உள்ளே விட்டு, உள்ளிருக்கும் கொக்கியைத் தேடி இழுக்க வேண்டும். அண்ணிக்கு அது ரொம்பப் பிடிக்கும். "வாய்க்குள்ள கை விடத் தெரிஞ்சவளுக்குத்தான் தொறக்கும்" என்பாள். இன்னொரு வினோதம், டிக்கிக்கு மூடி கிடையாது. பின்பக்கம் ஒரே தகடாக, ஆமை முதுகு போல வழவழவென்று இருக்கும். சாமான் வைக்க வேண்டுமென்றால் இருக்கைகளை முன்னால் சாய்த்துவிட்டு, அவற்றின் பின்னாலிருக்கும் பொந்துக்குள் தலையை விட்டுத் தவழ வேண்டும். செய்தவர்களுக்கு மறதியா கஞ்சத்தனமா என்று அண்ணன் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நெட்டைக் கொக்கு. தவளையில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனாலும் போகிற இடத்திலெல்லாம் ஊரார் அவரைத்தான் பார்ப்பார்கள். பெட்ரோல் போடுகிறவர், காவல்காரர், கல்யாண வீட்டில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று காட்டுகிறவர், எல்லோரும் ஓட்டி வந்தவளைத் தாண்டிக் குனிந்து, "சார், உங்க வண்டியா? எவ்வளவு வேகம் போகும்?" என்று அண்ணனிடம் கேட்பார்கள். அண்ணியின் தாடை முன்னே வரும். அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அதுல ஒரு பிழை இருக்கு. உங்க இல்ல, இவங்க" என்பார். ஒவ்வொரு முறையும், சலிக்காமல், அதே வாக்கியம். அண்ணி அவரைக் கட்டிக்கொண்டதே அந்த வாக்கியத்துக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். மற்றபடி அவரிடம் பெரிதாக என்ன இருந்தது, என் அண்ணனாகப் பிறந்ததைத் தவிர?

என் அம்மாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. மருமகள் வருவாள் என்று பார்த்தால் தவளை வந்திருக்கிறது என்று வாசலிலேயே சொன்னாள். அண்ணிக்குப் பையன் பிறந்ததும் அம்மாவின் கை ஓங்கியது. ஆள் மூன்று, இருக்கை இரண்டு, விற்றுவிடு. காலையில் அதையே சொல்வாள், மாலையில் அதையே சொல்வாள், விருந்தாளி வந்தால் அவர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டும் சொல்வாள். குடும்பப் பெண்ணுக்கு எதற்கு இரண்டு பேர் போகிற கார், மூன்றாவது ஆளை நடுத்தெருவில் விடுவதற்கா? அண்ணி கடையிலிருந்து பஞ்சு மெத்தை ஒன்று வாங்கி வந்து டிக்கிப் பொந்தில் விரித்தாள். பையன் உட்காரப் பழகியதும் அவனைத் தூக்கி அதில் வைத்தாள். மூன்றாவது இருக்கை தயார். இனி யாரும் விற்கச் சொல்ல முடியாது.

பையன் அதிலேயே வளர்ந்தான். பள்ளிக்கூடம், மருத்துவமனை, உறவினர் வீடு, எங்கே போனாலும் இருக்கைகளுக்குப் பின்னால் அவன் இருப்பான். வழியில் அண்ணி ஒரு கையைப் பின்னால் விட்டுத் தகட்டில் தட்டுவாள். உள்ளிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம் வரும். இவள் பலமாகத் தட்டினால் அவனும் பலமாகத் தட்டுவான். வீதியே திரும்பிப் பார்க்கும். அம்மாவும் பிள்ளையும் தகட்டில் பேசிக்கொள்கிறார்கள் என்று நாங்கள் சிரிப்போம். அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்தான் அண்ணியின் முகம் குழைந்து நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டியரிங் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டுப்பட்டு அதன் வளையம் ஓரிடத்தில் விரிசல் விட்டது. அந்த உதிரிப் பாகம் இங்கே எங்கும் கிடைக்காது என்று மெக்கானிக் கைவிரித்தார். அண்ணி வண்டியைத் தன் பல் பட்டறை வாசலுக்கே ஓட்டி வந்து, பல் செட்டுக்குக் குழைக்கும் அந்த இளஞ்சிவப்புக் குழம்பை எடுத்து வந்து விரிசலில் அப்பி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கல் போல இறுகிவிட்டது. கறுப்பு வளையத்தில் ஈறு நிறத்தில் ஒரு தழும்பு, அதில் அவள் கட்டைவிரல் ரேகை. "ஸ்டியரிங்குக்குப் பல் மட்டும் இன்னும் முளைக்கல" என்று அண்ணன் சொல்லாத நாள் இல்லை. அன்றிலிருந்து எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அவள் கட்டைவிரல் அந்தப் பள்ளத்திலேயேதான் இருக்கும். அளவெடுத்துச் செய்தது மாதிரி.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அண்ணிக்கு விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கிப் பட்டறையையும் விட்டுவிட்டாள். கிளட்ச் மிதிக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் சாயங்காலங்களில் கொட்டகைக்குப் போய், தார்ப்பாயை ஒதுக்கி, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து, சும்மா உட்கார்ந்திருப்பாள். கட்டைவிரல் பள்ளத்தில் இருக்கும். சில நாள் நான் போய் அண்ணனின் இருக்கையில் உட்காருவேன். இரண்டு பேரும் எங்கேயும் போகாமல் நெடுந்தூரம் போய்வருவோம்.

இந்த நிலைமையில்தான் பையன் வந்தான். பையன் என்றால் இப்போது தலை நரைக்கத் தொடங்கிய ஆள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் யார் சிக்கிக்கொண்டாலும் இவனுக்குத்தான் அழைப்பு வரும். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவான். அம்மா, வண்டியை எடுத்துப்போய்ப் புதுசு மாதிரி பண்ணித் தருகிறேன் என்றான். அண்ணி ரொம்ப யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் இருந்தவள் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், புதுசு மாதிரி என்றால் என்னடா என்று.

பல மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில் தவளை வாசலில் வந்து நின்றது. பளபளவென்று புதுச் சாயம். பையன் சாவியைத் தட்டில் வைத்து நீட்டாத குறை. அண்ணி படியிறங்கி வந்தாள். மருத்துவருக்கு அனுப்புவதற்கு முன் பல் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல வண்டியைச் சுற்றி வந்தாள்.

கதவில் வெளிப்பக்கம் பளிச்சென்று ஒரு பிடி இருந்தது. இரண்டு கதவிலும் இருந்தது. தாடை கொஞ்சம் அசைந்தது. பின்பக்கம் போனாள். அந்த ஆமை முதுகுத் தகட்டைச் சதுரமாக அறுத்து, கீல் வைத்து, மூடி போட்டு, பூட்டும் வைத்திருந்தான். ஊரில் எல்லாக் காருக்கும் இருக்கிற மாதிரி ஒரு டிக்கி. நான் வாயில் கைவைத்துக்கொண்டேன். அண்ணி கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஸ்டியரிங் இருந்த இடத்தில் மரத்தில் ஒரு வளையம், தேன் நிறத்தில், மெழுகு பூசி.

"பழசு எங்கடா?"

அது உடைஞ்ச சாமான்தானே அம்மா, கழட்டிப் போட்டாச்சு என்றான் பையன். எங்கே போட்டான் என்று கேட்டதற்கு, கழித்த இரும்போடு போயிருக்கும் என்றான். இது நல்ல மரம், கைக்கு வழுக்காது என்றும் சேர்த்துக்கொண்டான். அண்ணியின் தாடை முழுசாக முன்னே வந்தது. எனக்குத் தெரிந்து, அண்ணனின் சாவன்றுகூட அவள் அப்படி நிற்கவில்லை.

"கிளம்பு" என்றாள்.

பையன் கிளம்பினான். அதன் பிறகு அவன் போன் செய்தால் அண்ணி எடுக்கவில்லை. நேரில் வந்தால் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். அவன் என்னைக் கூப்பிட்டு, "அத்தை, ஆசையா பண்ணினேன் அத்தை, அதுக்கு இந்த மரியாதையா?" என்று கொதித்தான். ஆசையாகப் பண்ணினால் அறுக்கலாமா என்று நானும் விடவில்லை. வாழ்நாள் முழுக்க, சார் உங்க வண்டியா என்று அவள் காதில் விழுந்த வண்டி அது. அதைக் கடைசியில் பெற்ற பிள்ளையே தன் வண்டியாக்கித் திருப்பிக் கொடுத்தால் அவள் கொஞ்சுவாளா? பிழை திருத்துகிறவர் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார். அவர் இல்லை. அண்ணி மட்டும் கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வெல்டிங்காரருக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். மூடியைத் தகட்டோடு தகடாகச் சேர்த்துப் பற்றவைத்து, தேய்த்து, பழையபடி ஆக்கிவிட வேண்டும். பையனுக்கு? அவன் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம். அதைச் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் கோபம் அவ்வளவு தூரம் வரக்கூடியது இல்லை. அண்ணியுடையது வரும். என் அம்மாவோடு அவள் பேசாமலிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் அது நீண்டது. தகட்டைப் பற்றவைத்தால் அதோடு சேர்த்து வேறொன்றையும் மூடிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் கேட்கிற ஆளா?

வெல்டிங்காரர் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கையை விட்டுத் தடவினார். பிறகு சிரித்தார்.

"ஏம்மா, மூடிக்கு உள்பக்கமும் கொக்கி வச்சிருக்காங்களே. சாமான் தானா எறங்கி வந்துடுமா?"

அண்ணி போய்க் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மூடியின் உள்பக்கம், நடுவில், ஒரு சின்ன நெம்புகோல். அதற்குப் பச்சையில் ஒளிரும் சாயம் பூசியிருந்தது, இருட்டில் தெரிகிற மாதிரி. பெட்டி வைக்கிற இடத்தில் அது எவனுக்கும் பயன்படாது. அண்ணி அதை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். வெல்டிங்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய், அவளே போனை எடுத்துப் பையனைக் கூப்பிட்டாள். "வா" என்றாள். வைத்துவிட்டாள்.

அவன் வேலை உடையோடு வந்தான், கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. வெல்டிங் சாமான்களைப் பார்த்ததும் அவன் முகமும் இறுகியது. அவனுக்கும் தாடை அம்மாவுடையதுதான். அன்றுதான் கவனித்தேன்.

"உள்ளே எதுக்குடா கொக்கி?"

"வெளியே வர்றதுக்கு."

"யார் வர்றதுக்கு?"

"நான் வர்றதுக்கு."

வெல்டிங்காரர் எழுந்து தெருவைப் பார்க்கப் போய்விட்டார். நல்ல மனிதர்.

பையன் அதுவரை அடக்கி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் அவிழ்த்தான். கத்தவில்லை. அவனுக்கும் கத்த வராது.

"நீ அந்தப் பொந்துக்குள்ள ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கியாம்மா? ரெண்டு சீட்டையும் நிமிர்த்திட்டா உள்ளே இருட்டு. பெட்ரோல் நாத்தம். மூச்சு முட்டும். நான் தட்டுவேன். வெளியே எடுன்னு தட்டுவேன். நீயும் தட்டுவே. நான் பலமா தட்டினா நீயும் பலமா தட்டிட்டுச் சிரிப்பே. அப்பாவும் சிரிப்பார்."

அண்ணி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னா? புள்ளையே சொல்லிட்டான், வித்துடுன்னு பாட்டி ஆரம்பிப்பாங்க. வண்டி போயிடும். அது தெரியாதா எனக்கு?"

அரைக்கால்சட்டை போட்ட வயதில் அவனுக்கு இது தெரிந்திருக்கிறது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் வண்டியை அம்மாவுக்கே விட்டுவைத்திருக்கிறான். இத்தனை வருடம் ஊரில் உள்ள பெட்டிகளிலிருந்தெல்லாம் ஆட்களை வெளியே எடுத்துவிட்டு, கடைசியில் இந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறான். இந்த இடத்தில் அண்ணி உடைந்து அழுதிருப்பாள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன்.

"சரி" என்றாள் அண்ணி. "அதுக்கு என் ஸ்டியரிங் என்னடா பண்ணிச்சு?"

பையன் கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மூடிக்கு ஒரு காரணம் இருந்தது. கதவுப் பிடிக்கும்கூட ஏதோ ஒன்றைச் சொல்லலாம். ஸ்டியரிங் பார்க்க அசிங்கமாக இருந்தது, அதனால் கழற்றினான், அவ்வளவுதான். அந்த இளஞ்சிவப்புத் தழும்பில் யாருடைய விரல் இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. பின்னாலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு முன்னால் இருந்தது எப்படித் தெரியும்?

பிறகு அண்ணி செய்ததைச் சொல்கிறேன். சீட்டை முன்னால் சாய்த்தாள். முழங்கால் வலியை மறந்து அந்தப் பொந்துக்குள் தவழ்ந்து போனாள். சீட்டை நிமிர்த்துடா, மூடியை மூடுடா, ஓட்டு என்றாள். பையன் ஓட்டினான். வண்டி தெருமுனையைத் தாண்டியது, கடைவீதியைத் தாண்டியது, மேட்டுத் தெருவில் ஏறி இறக்கத்தில் பறந்தது. உள்ளிருந்து அண்ணி தட்டினாள். அந்தச் சத்தம் கேட்ட மறுநொடி பையன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அவன் திறப்பதற்குள் மூடி உள்ளிருந்தே திறந்துகொண்டது. வெளியே வந்த அண்ணி, மூடி இருக்கட்டும் என்றாள். பிடிகளைக் கழற்று, அந்தத் துளைகளை அடை என்றாள். வெல்டிங்காரருக்கு வேலை கிடைத்தது. மறுநாளே பையன் பழைய இரும்புக் கடையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, ஈறுத் தழும்போடு அந்த ஸ்டியரிங்கைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தான். அவள் கட்டைவிரல் நேராகப் பள்ளத்துக்குப் போனது. கோபம் அத்தோடு தீர்ந்தது.

கடைசித் தாளை அண்ணியிடம் கொடுத்தேன். படித்தாள். தாடை முன்னே வந்தது. பேனாவை என் கையிலிருந்து பிடுங்காமல், மேஜையில் விரலால் தட்டிச் சொன்னாள், நான் அப்படியே எழுதினேன்:

"நான் எங்கே தவழ்ந்தேன்? இந்த முழங்காலை வச்சுக்கிட்டா? தலையும் தோளும் மட்டும்தான் உள்ளே போச்சு. நீதான் பின்னாலேர்ந்து தள்ளினே, அப்புறம் நீதான் இழுத்து விட்டே. வண்டி நின்ன இடத்தைவிட்டு நகரவே இல்லை. உள்ளே இருட்டா இருந்துச்சு, அவன் சொன்ன மாதிரியே. மூடி இருக்கட்டும்னு சொன்னேன், அது நிஜம். ஸ்டியரிங் கிடைக்கல. நீ எழுதிட்டா கிடைச்சுடுமா? ஞாயித்துக்கிழமையானா இன்னும் கடை கடையா ஏறி எறங்கிக்கிட்டிருக்கான். கோபம் தீர்ந்துடுச்சுன்னு யார் சொன்னா உன்கிட்ட? தேடட்டும்."